இழுத்தால் அவிழ வேண்டும்

என்னை நம்பி யாரும் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போகமாட்டார்கள். ஓரிடத்தில் நிற்கிற கால் எனக்கு இல்லை. ஆனால் கையில் நூலும் மணியும் கொடுத்து உட்கார வைத்தால் அசையாமல் இருப்பேன். ஆண்டவன் எனக்குக் கொடுத்த பொறுமை எல்லாம் விரல் நுனியிலேயே தீர்ந்துபோய்விட்டது என்பார் என் வீட்டுக்காரர். மற்ற இடத்துக்கு மிச்சமில்லை என்று அர்த்தம்.

நான் வேலை பார்ப்பது மாலை கோர்க்கிற கடையில். பூமாலை இல்லை. முத்து, பவளம், கண்ணாடி மணி. அறுந்துபோன மாலையைக் கொண்டு வந்து கொடுத்தால் புதுசாகக் கோர்த்துத் தருவோம். நீளமான மேசை ஒன்று. அதில் ஒரு பக்கம் உட்கார்ந்து நான் கோர்ப்பேன், முடிச்சுப் போடுவேன், முடிந்ததை இடது பக்கத்துத் தட்டில் வைப்பேன். தட்டு எதிரே இருக்கிற பசையக்காவிடம் போகும். அவள் ஊசி முனையில் பசையைத் தொட்டு முடிச்சுக்குள் ஒரு சொட்டு விடுவாள், காய்ந்ததும் வாலை ஒட்ட நறுக்குவாள். அதற்குப் பிறகு யாருடைய அப்பன் வந்தாலும் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. அவள் நிஜப் பெயர் என்னவென்று முதலாளியம்மாவுக்கே மறந்து போயிருக்கும்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் இறங்கி, பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு எண்ணெய் போடுவார், வடம் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். தனியாக யாரையும் இறக்கமாட்டார்கள், இருவர் இருவராகத்தான் வேலை. இவருடைய ஜோடியை இவர் பங்காளி என்று கூப்பிடுவார். சொத்தில் பங்காளி இல்லை, சாப்பாட்டு டப்பாவில் பங்காளி.

அந்தப் பங்காளிக்குத்தான் முதலில் நடந்தது. பெட்டியின் மேலிருந்து வெளியே குதிக்கும்போது சுவரில் இருந்த இரும்புச் சட்டத்தைப் பிடித்திருக்கிறார். கல்யாண மோதிரம் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. ஆள் கீழே வந்துவிட்டார், விரல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "விரல் போனா என்ன தங்கச்சி, மோதிரம் பத்திரமா கிடைச்சிடுச்சு" என்றார். நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கு மறுவாரமே கம்பெனியில் உத்தரவு வந்தது. இனி யார் கையிலும் மோதிரம், கடிகாரம், காப்பு எதுவும் இருக்கக்கூடாது. சரியான உத்தரவுதான். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் சோப்புப் போட்டு விரலைத் திருகித் திருகி மோதிரத்தைக் கழற்றி, கழுவித் துடைத்து, ஜன்னல் கட்டையில் வைத்தார்.

அதே ஜன்னல் கட்டை. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அந்த மோதிரம் அதே இடத்தில் கிடந்தது. ஆள் இல்லை, துணி இல்லை, கருவிப் பை இல்லை. சண்டை எதற்கு என்று இப்போது கேட்டால் இருவருக்கும் ஆளுக்கொரு பதில் இருக்கும். பல மாசம் அவர் வேறு எங்கோ தங்கியிருந்தார். நான் தினமும் அந்தக் கட்டையைத் துடைத்தேன். மோதிரத்தைத் தொடாமல் அதைச் சுற்றித் துடைத்தேன். ஒருநாள் வேலையிலிருந்து திரும்புகிறவர் போல கருவிப் பையோடு வந்து கதவைத் தட்டினார். உள்ளே வந்ததும் முதலில் ஜன்னலைத்தான் பார்த்தார். எடுத்துப் போட்டுக்கொண்டார். அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசியதில்லை. பேசித் தீர்த்துக்கொள்கிற ரகம் இல்லை இரண்டு பேரும்.

அதனால் மறுபடி அந்த இடத்தில் மோதிரத்தைப் பார்த்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உத்தரவு என்று புத்திக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். அவர் குளிக்கப் போனால் கருவிப் பை இருக்கிறதா என்று பார்த்தேன். கடைக்குப் போனால் எப்போது வீட்டுக்கு வரலாம் என்று இருந்தது, வீட்டுக்கு வந்தால் எதற்கு வந்தோம் என்று இருந்தது. கடைசியில் ஒரு நாள் சொன்னேன், விரலில் வேண்டாம், கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், சட்டைக்குள் இருக்கட்டும் என்று.

"விரலே இந்தப் பாடு பட்டுச்சு. இப்ப கழுத்துல சுருக்கு போடப் போறியா?" என்றார்.

கம்பெனியில் கழுத்துக்குத் தடை இல்லையே என்றேன். கழுத்தில் எவனும் எதையும் மாட்டிக்கொண்டு குழியில் இறங்கமாட்டான் என்பதால் அவர்களுக்குத் தடை போடத் தோன்றவில்லை என்றார். நான் விடவில்லை. பிடித்தால் உடும்புப் பிடி என்று என் அம்மா வீட்டில் சொல்வார்கள். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"இழுத்தா அவிழணும். எங்கயாவது மாட்டுச்சுன்னா நான் நிக்கணும், கயிறு போகணும்."

அப்படியென்றால் மோதிரம் குழிக்குள் போய்விடுமே என்றேன். போனால் போகட்டும் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க கழுத்துக்கென்ன, சோறு போட்டா வளர்ந்துக்கும். மோதிரம் வளருமா?" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் வாய்க்கு எப்போதுமே பூட்டு கிடையாது.

எனக்கு முடிச்சு போடுவது தொழில். ஆனால் தொழில் முழுக்க அவிழாத முடிச்சுத்தான் போட்டிருக்கிறேன். அவிழ வேண்டிய முடிச்சு என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். குனிந்து நிமிர்ந்தால், வேர்த்தால், சட்டை மாற்றினால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு சட்டத்தில் மாட்டி ஆள் தொங்கப் போகிறார் என்றால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் என் பிரச்சனை.

முதலில் கயிறு. சங்கிலி கூடாது, மின்சாரம் இருக்கிற இடம். கடையில் இருந்த தோல் கயிற்றை எடுத்துப் பார்த்தேன். பார்க்க ஜோராக இருந்தது, ஆனால் வேர்வையில் ஊறினால் முடிச்சு இறுகிக்கொள்ளும், காய்ந்தால் கல்லாகிவிடும். நைலான் கழுத்தை அறுக்கும், அது அறாது. பட்டு நூல் வழுக்கல், முடிச்சே நிற்காது, இவர் பஸ் ஏறுவதற்குள் மோதிரம் தெருவில் கிடக்கும். மீன் பிடிக்கிற நரம்பை நினைத்ததுமே உடம்பு கூசியது. கடைசியில் மெழுகு பூசிய பருத்திக் கயிற்றில் வந்து நின்றேன். மெழுகு இருப்பதால் லேசாகப் பிடிக்கும், பிடித்தாலும் பிடிவாதம் பிடிக்காது. நிறம் சிவப்பு. கறுப்புதான் சட்டைக்குள் தெரியாது. ஆனால் குழியின் அடியில் எண்ணெய்க்கும் தூசுக்கும் நடுவில் விழுந்தால் கண்ணில் பட வேண்டுமே. போனால் போகட்டும் என்று அவர் சொல்லலாம். நான் தேடித்தான் எடுப்பேன்.

மோதிரத்தைக் கயிற்றில் சேர்ப்பது சுலபம். கயிற்றை இரண்டாக மடித்து, மடிப்பை மோதிரத்துக்குள் விட்டு, இரண்டு வாலையும் அந்த மடிப்பின் வழியாக இழுத்தால் போதும். கயிறு கழுத்தை விட்டுப் போனாலும் மோதிரம் கயிற்றை விட்டுப் போகாது. கஷ்டம் எல்லாம் பிடரியில் வருகிற முடிச்சில்தான்.

ராத்திரிச் சமையலைக் கூட மறந்து வெள்ளை நூலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஜன்னல் கொக்கியில் கயிற்றை மாட்டி, தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டேன். பாதி பாட்டில் என்றால் பிடிக்க வேண்டும், முழு பாட்டில் என்றால் விட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். ஷூ கயிற்றுக்குப் போடுகிற பூ முடிச்சு முழு பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நின்றது. இன்னொன்று பாதி பாட்டிலுக்கே கையை விரித்துவிட்டது. தரையெல்லாம் தண்ணீர். அவர் கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழுக்கி விழப் போகிறாய் என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

கடைசியில் கிடைத்தது இதுதான். ஒரு முனையில் ஒரு சின்னச் சுருக்கு. மறு முனையை அந்தச் சுருக்குக்குள் செருகி, சுருக்கை இறுக்கிவிட வேண்டும். செருகிய முனையில் முடிச்சே கிடையாது, வெறும் வால். மெழுகின் பிடிமானத்தில் அது அங்கே நிற்கும். வெடுக்கென்று இழுத்தால் வழுக்கி வெளியே வந்துவிடும். பாதி பாட்டிலுக்கு நின்றது. முழு பாட்டிலுக்கு விட்டது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், ஒருமுறை கூட மாறவில்லை.

மறுநாள் கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சிவப்புக் கயிற்றில் நிஜமானதைச் செய்தேன். தலைவழியாக மாட்டிக் கழற்றுகிற நீளம் வைத்தேன், தினமும் முடிச்சில் கை வைக்க வேண்டாம் என்று. சுருக்கை இறுக்கி முடிக்கவும் முதலாளியம்மா வாசலில் இருந்து கூப்பிடவும் சரியாக இருந்தது. யாரோ ஒரு அம்மா ஆட்டோவிலேயே மாலையை அறுத்துக்கொண்டு, முந்தானையில் மணியை அள்ளிக்கொண்டு வந்து நின்றார். கையில் இருந்ததை வைத்துவிட்டுப் போய் மணி பொறுக்கினேன். திரும்பி வந்தபோது சிவப்புக் கயிறு வைத்த இடத்திலேயே இருந்தது. பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதற்கு மறுநாள் காலையில் நானே அவருக்கு மாட்டிவிட்டேன். குனிந்து தலையைக் கொடுத்தார். மோதிரம் நெஞ்சுக்குழியில் போய் உட்கார்ந்தது. இழுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "நீ கட்டினதுதானே, நேரமாச்சு" என்று சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜன்னல் கட்டை காலியாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் காபியை உட்கார்ந்து குடித்தேன்.

அந்த நிம்மதிக்கு ஆயுசு அவ்வளவுதான். கடையில் முதல் மாலையைக் கோர்த்துத் தட்டில் வைத்தபோது பசையக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏண்டி, உனக்கு வயசாயிடுச்சா? நேத்து ஒரு செவப்புக் கயிறு வச்சிருந்தியே, முடிச்சே போடாம சும்மா செருகி விட்டிருந்தே. நல்லவேளை என் கண்ணுல பட்டுச்சு. நானே இறுக்கி ரெண்டு சொட்டு விட்டுட்டேன்."

தட்டில் இருந்தால் அவள் பசை விடுவாள். அவள் மேல் என்ன தப்பு? முடிந்தது எதுவானாலும் என் இடது கை அதைத் தட்டில்தான் வைக்கும், அதற்கு என்னைக் கேட்கிற வழக்கம் இல்லை. எந்த இடத்தில் விட்டாய் என்று கேட்டேன். சுருக்குக்குள்ளேதான், நன்றாக உள்ளே இறங்குகிற மாதிரி என்றாள் பெருமையாக. அவள் கையால் விட்ட சொட்டு அரை நாளில் கல்லாகிவிடும். முழு பாட்டில் இல்லை, முழு ஆளையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

அவருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. குழியில் இறங்கும்போது போனின் சத்தத்தை அணைத்துக் கம்பெனிக் கருவிப் பெட்டியில் வைத்துவிடுவார், அது எனக்குத் தெரியும், தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டேன். பங்காளியின் போன் அணைந்திருந்தது. கம்பெனிக்குப் போட்டால் ஒரு பெண் எடுத்தாள். கழுத்தில் கட்டியிருக்கிற முடிச்சு அவிழாது, அவரை உடனே வெளியே வரச் சொல்லுங்கள் என்றேன். அவிழாவிட்டால் நல்லதுதானே மேடம் என்றாள் அவள். அந்தக் கட்டடம் எங்கே என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கடை ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் ஓடினேன். முன்பக்கம் வரிசையாக ஊசி குத்தியிருக்கிற ஏப்ரன் அது. பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பஸ் ஒரு சிக்னலில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகப் பக்கத்து பஸ் டிரைவரோடு ஊர்க்கதை பேசினார். எனக்கு மனசுக்குள் ஒரே ஒரு படம்தான் ஓடியது. பெட்டி கீழே இறங்குகிறது, சிவப்புக் கயிறு ஒரு சட்டத்தில் மாட்டி மேலேயே நிற்கிறது. மற்றதை நினைக்கவிடாமல் தலையை உதறினேன். கழுத்துக்கென்ன, வளர்ந்துக்கும் என்று சொன்னவள் நான்தானே. நாக்கில் சனி என்பார்களே, அது என் நாக்குக்காகவே சொன்னது. இறங்கி நடந்தேன். நடக்க ஆரம்பித்த பிறகு பஸ் கிளம்பி என்னைத் தாண்டிப் போனது.

கட்டடத்து வாசலில் காவலாளி என்னையும் ஏப்ரனையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, லிஃப்ட் ரிப்பேர், படி அந்தப் பக்கம் என்றார். ரிப்பேர் பண்ணுகிறவரின் பெண்டாட்டி நான், அவரைக் கூப்பிட வேண்டும் என்றேன். அப்படியானால் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கள், காலையிலிருந்து ஜனங்கள் எல்லோரும் தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று அவர் தன் குறையைச் சொல்ல ஆரம்பித்தார். நான் பாதிப் படியில் இருந்தேன்.

லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டவள் இத்தனை மாடி படியேற வேண்டும் என்று இருந்திருக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு மாடியில் வடம் உராய்கிற சத்தம். அடுத்த மாடியில் எதுவுமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. அதற்கும் மேலே இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம், டங், டங் என்று. யாரோ உயிரோடு இருந்துதானே அடிக்க வேண்டும் என்று கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினேன்.

உச்சி மாடியில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது, குறுக்கே மஞ்சள் தடுப்பு. பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பங்காளி உட்கார்ந்திருந்தார். விரல் போன கையோடு வேலைக்குத் திரும்பி வந்துவிட்டவருக்கு இப்போது லிஃப்டை நிறுத்துகிற பட்டனைப் பார்த்துக்கொள்கிற வேலை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்னம்மா தங்கச்சி, வீட்ல ஏதாவதா?"

நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கையை ஆட்டினேன். அவர் சிவப்புப் பட்டனை அமுக்கினார். குழிக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் பங்காளியின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். அவர் திட்டிக் கேட்பதில் அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷம் வேறெதிலும் கிடைத்ததில்லை.

மேலே ஏறி வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். நான் அவர் பேசுவதற்குள் சட்டைக் காலரைப் பிடித்துப் பட்டனைக் கழற்றினேன். கழுத்தில் ஒன்றும் இல்லை. அறுந்து விழுந்துவிட்டதா, பசை விட்டுவிட்டதா என்று ஒரு நொடி. பிறகு பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பிடரியில் சிவப்பாக ஒரு கோடு கன்றிப் போயிருந்தது.

அவர் கருவிப் பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கத்துக் கொக்கியில் சிவப்புக் கயிறும் மோதிரமும் தொங்கின.

"யாரு கட்டின கயிறா இருந்தாலும் இழுத்துப் பாக்காம இறங்கக் கூடாது. எங்களுக்கு அதுதான் முதப் பாடம்" என்றார். "இழுத்தேன். வரல. ரெண்டு கையால இழுத்தேன். அப்பறம் கழட்டிப் பாத்தா உள்ள பசை. உன் துணியில தினமும் ஒட்டிக்கிட்டு வர்ற கடைப் பசை, எனக்குத் தெரியாதா?"

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, நட்டைப் போட்டு அடித்துக்கொண்டே இருக்கிறான் என்று பங்காளி பின்னாலிருந்து சொன்னார். இவர் அதைக் காதில் வாங்காதது போல மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுத்து வளர்ந்துக்கும்னு சொன்னியே, நெஜமாத்தான் சொல்லியிருக்கியோன்னு நெனச்சேன்."

இத்தனை மாடி ஏறியபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. தட்டு, இடது கை, ஆட்டோ அம்மா, பசையக்கா என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். சொல்லி முடித்த பிறகுதான் சொல்ல வேண்டியது அது இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"அந்த ஜன்னல் கட்டைல அத மறுபடி பாக்க என்னால முடியாதுங்க. அதுக்குத்தான் இவ்வளவும். உங்க கழுத்த விட எனக்கு அது பெருசு இல்ல."

பங்காளி நகர்ந்து போய் படிக்கட்டுப் பக்கம் எதையோ தேடினார். அங்கே தேட ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சோப்புக் கையோட எட்டின எடம் அதுதான்" என்றார். "வச்ச அப்பறம்தான் எனக்கே தோணிச்சு. எடுத்து வேற எங்கயாவது வச்சா நீ இன்னும் தப்பா எடுத்துப்பியோன்னு அப்படியே விட்டுட்டேன். அங்க வச்சிருக்கக் கூடாது. அன்னிக்கும் வச்சிருக்கக் கூடாது."

அன்றைக்கு என்று அவர் சொன்னது எதை என்று இருவருக்கும் தெரியும். அந்தப் பேச்சு எங்களுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் யாரோ ஒருவருடைய கட்டடத்தின் உச்சியில், ஏப்ரனும் கிரீஸுமாக. அவருடைய வெட்டுக்குறட்டைக் கேட்டு வாங்கினேன்.

பசை விட்ட இடத்தை இரண்டு பக்கமும் நறுக்கி எடுத்தேன். பாசிப்பயறு அளவு இருந்தது அந்தத் துண்டு. பல்லால் கடித்துப் பார்த்தேன், அசையவில்லை. பசையக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினால் திட்டாகவே எடுத்துக்கொள்ளமாட்டாள், பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வாள். பிறகு படியில் உட்கார்ந்து மறுபடி சின்னச் சுருக்குப் போட்டேன், மறு முனையைச் செருகினேன், இறுக்கினேன். இழுக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தேன். வெடுக்கென்று இழுத்தார். வந்துவிட்டது. அது அவிழ்வதைக் கண்ணால் பார்ப்பது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு தடவை என்றேன். கட்டிக் கொடுத்தேன், இழுத்தார், வந்தது. கீழே ஜனங்கள் காவலாளியைக் கொன்றே போட்டுவிடுவார்கள், நீங்கள் இருவரும் வீட்டுக்குப் போய்க் குடும்பம் நடத்துங்கள் என்றார் திரும்பி வந்த பங்காளி.

கடைசியாகக் கட்டி அவர் தலைவழியாக மாட்டப் போனபோதுதான் பார்த்தேன். வெட்டியதிலும் புதுச் சுருக்குப் போட்டதிலும் கயிறு குறுகிவிட்டது. நெற்றியைத் தாண்டி இறங்கவில்லை. இனி இதை ஒவ்வொரு நாளும் அவிழ்த்துத்தான் கழற்ற வேண்டும், ஒவ்வொரு நாளும் கழுத்தில் வைத்துத்தான் கட்ட வேண்டும். அவர் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் நான் பல நாள் கடைக்குப் போய்விட்டிருப்பேன். நாளைக்கு நீளமாக வேறு கயிறு கொண்டு வருகிறேன் என்றேன்.

"இதுவே போதும், குடு" என்று வாங்கிக்கொண்டார்.

இரண்டு கையையும் பிடரிக்குக் கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு, கிரீஸ் விரலால் தடவித் தடவிச் சுருக்கைக் கண்டுபிடித்தார். மறு முனையைச் செருகினார், இறுக்கினார். நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். வீடு முழுக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தாயே, வேறு எதைப் பார்ப்பதாம் என்றார்.

குழியில் இறங்குவதற்கு முன்னால் தடுப்பருகே நின்று முன்பக்கமாகப் பிடித்து ஒரு இழு இழுத்தார். அவிழ்ந்து கையோடு வந்தது. மறுபடியும் கட்டிக்கொண்டார்.